பைத்தானை உள்ளே வைத்து வரும் எங்கள் சொல்திருத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொல்திருத்தி சிறிய நிரல். சமூக மன்றத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் ஒற்றுப்பிழை, லகர ளகர ழகர மயக்கம் போன்றவற்றைக் காட்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பைத்தான் ரன்டைமையும் (பைத்தான் நிரலை ஓட்டும் பகுதி) சேர்த்தே பொதியாகத் தருகிறோம். மூலநிரலிலிருந்து இந்தப் பொதியை உருவாக்குவதைத்தான் 'கட்டுவது', 'பில்ட்' என்கிறோம். சிங்கப்பூரில் கட்டினாலும் சென்னையில் கட்டினாலும் பினாங்கில் கட்டினாலும் அந்தப் பொதி பைட்டுக்குப் பைட் ஒன்றாக வர வேண்டும் என்று ஒன்றரை வருடமாக உழைத்து வருகிறோம். இதுபற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சக நிரலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே.

பிள்ளைகளுக்கான சின்ன நிரலுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் தோ பாயோவில் வகுப்பு முடிந்த நேரம். ஒரு தாயார் மடிக்கணினியோடு வந்தார். அவருடைய வைரஸ் தடுப்பு நிரல் எங்கள் கோப்பைச் சந்தேகத்துக்குரியது என்று தடுத்துவிட்டது. "தம்பி, இது நீங்க குடுத்ததுதானா? நடுவுல யாரும் எதையும் சேர்க்கலையே?" என்று கேட்டார்.

என் கணினியில் இருந்த பொதியின் ஹாஷைப் பார்த்தேன். கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் விரல்ரேகை போன்ற எண் அது. அவரிடம் இருந்ததற்கு வேறு ஹாஷ். அன்று தரவேற்றிய பொதியைச் சென்னையில் இருக்கும் நண்பர் கட்டியிருந்தார், என்னிடம் இருந்தது நான் கட்டியது. மூலநிரல் ஒன்றே. ஆனால் இரண்டு கோப்பும் ஆயிரக்கணக்கான பைட்டுகளில் வேறுபட்டன. அந்த வேறுபாட்டில் கெட்டது எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நிரூபிக்க வழியில்லை. "நம்புங்கள் அக்கா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பிள்ளையின் கணினியில் ஓடும் ஒரு நிரலுக்கு அந்தப் பதில் போதாது.

'மீளுருவாக்கத்தக்க பில்ட்' என்றால் என்ன? மூன்று இயங்குதளத்துக்கும் ஒரே கோப்பா?

இல்லை, இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. விண்டோஸுக்கான பொதியும் மேக்குக்கான பொதியும் ஒருநாளும் ஒன்றாக இருக்க முடியாது, உள்ளே இருக்கும் இயந்திர மொழிக் கோப்புகளின் வடிவமே வேறு. நாங்கள் சொல்வது இதுதான்: ஒரே மூலநிரல், ஒரே கருவிகள், ஒரே கட்டளைகள் இருந்தால், விண்டோஸ் பொதியை யார் எங்கே எப்போது கட்டினாலும் அதே பைட்டுகள் வர வேண்டும். மேக் பொதிக்கும் அப்படியே, லினக்ஸ் பொதிக்கும் அப்படியே. ஆக வெளியீட்டுக்கு மூன்று ஹாஷ்கள்.

இந்த முயற்சி எங்களோடு தொடங்கியதல்ல. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழுவினர் 2013 முதல் தங்கள் பல்லாயிரம் பொதிகளை இப்படி மாற்றி வருகிறார்கள். டோர் உலாவி அதே ஆண்டில் இந்த வழிக்கு வந்தது, பிட்காயின் கோர் நிரல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் உத்திகளில் பாதிக்கு மேல் அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தவை.

ஏன் பைத்தானையே உள்ளே வைக்கிறீர்கள்? பயனரிடம் இருப்பதைப் பயன்படுத்தினால் என்ன?

பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் பைத்தான் இல்லை. பள்ளி தந்த கணினியில் புதிதாக எதையும் நிறுவப் பிள்ளைகளுக்கு அனுமதி இருக்காது. சில மேக்குகளில் பழைய பைத்தான் கிடக்கும், லினக்ஸில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று சொல்லவே முடியாது. தமிழ் எழுத்துகளை இயல்புவடிவத்துக்குக் கொண்டுவரப் பைத்தானின் யூனிகோட் அட்டவணையை நம்பியிருக்கிறோம். அந்த அட்டவணை பைத்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் நாங்கள் சோதித்த அதே பைத்தான்தான் பயனரிடமும் ஓட வேண்டும்.

லூவா என்ற சிறிய நிரல்மொழியையும் பார்த்தோம். சில நூறு கிலோபைட்டில் முடிந்துவிடும், கட்டுவதும் எளிது. ஆனால் யூனிகோட் வேலையையெல்லாம் நாங்களே எழுத வேண்டியிருக்கும் என்பதால் விட்டோம்.

பைத்தான் தயாராகக் கிடைக்கிறதே, எடுத்துப் போட்டால் போதாதா?

முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தோம். எந்தக் கோப்புறையிலிருந்தும் ஓடும்படி கட்டிய பைத்தானை 'பைத்தான் பில்ட் ஸ்டாண்டலோன்' என்ற திட்டம் தருகிறது. கிரெகரி சோர்ஸ் தொடங்கியது, 2024 டிசம்பரில் ஆஸ்ட்ரல் நிறுவனம் பொறுப்பேற்றது. நல்ல வேலை. உங்களுக்கு அவசரம் என்றால் அதை எடுங்கள், எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை உங்கள் பில்ட் கோப்பில் எழுதிப் பூட்டிவிடுங்கள்.

ஆனால் ஹாஷைப் பூட்டுவது வேறு, மீளுருவாக்குவது வேறு. பூட்டினால் நேற்று எடுத்த கோப்பையேதான் இன்றும் எடுக்கிறோம் என்பது மட்டும் உறுதி. அந்தக் கோப்பு இந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று அது சொல்லாது. அந்தத் தாயார் கேட்ட கேள்வி இரண்டாவது வகை. எங்கள் பொதியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பைத்தான்தான், எங்கள் நிரல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய பங்கை விட்டுவிட்டுச் சின்னப் பங்குக்கு மட்டும் உறுதி கொடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மூலநிரல் ஒன்று என்றால் பைட்டுகள் எப்படி மாறுகின்றன?

நான்கு திருடர்கள்: நேரம், வரிசை, பாதை, தற்செயல். ஒவ்வொன்றையும் பைத்தானிலேயே பார்க்கலாம்.

நேரத்தில் தொடங்கலாம். பைத்தானை முனையத்தில் திறந்தால் முதல் வரியில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் மணியும் தெரியும். மூலநிரல் அந்த பைனரியாக (இயந்திர மொழிக் கோப்பாக) கம்பைல் ஆன நொடி அது. இரண்டு பேர் ஒரே நொடியில் கம்பைல் செய்தாலொழிய பைட் ஒத்துப்போகாது. இதற்குத்தான் 'சோர்ஸ் டேட் எபோக்' என்ற சூழல் மாறி இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி என்று ஒரு எண்ணை அதில் வைத்தால், ஜிசிசி கம்பைலர் (7ஆம் பதிப்பு முதல்) இப்போதைய நேரத்துக்குப் பதிலாக அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். மூலநிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் கடைசி கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) நேரத்தை நாங்கள் வைக்கிறோம்.

முதலில் சோம்பலாக 0 என்று வைத்திருந்தேன். கோப்புகளின் நேரம் காலை 8 மணி என்று காட்ட வேண்டிய இடத்தில் 7:30 என்று காட்டியது. சிங்கப்பூர் உலகப் பொது நேரமான யூடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால் அல்லவா, அரை மணி எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். எங்கும் பிழையில்லை. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்றுதான் எட்டு மணி நேரத்துக்கு மாறியது, அதற்கு முன் ஏழரை. 1970இல் ஊர்க் கடிகாரம் காட்டியதைத்தான் கணினி சரியாகக் காட்டியிருக்கிறது. என் அப்பாவிடம் சொன்னபோது, அந்த மாற்றம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

நேர மண்டலம் கெடுக்கும் இன்னொரு இடம் ஜிப். ஜிப் கோப்பில் நேரம் உள்ளூர் கடிகாரப்படி பதிகிறது. பைத்தானின் ஜிப் நூலகமும் அப்படியே செய்கிறது. ஆகவே ஒரே கோப்பை நான் ஜிப் செய்தால் ஒரு நேரம், சென்னை நண்பர் செய்தால் இரண்டரை மணி நேரம் குறைவு. தவிர ஜிப்புக்கு 1980க்கு முந்தைய காலமே தெரியாது, எபோக்கை 0 ஆக வைத்தவர்களுக்கு அங்கே பிழை வரும். பில்ட் முழுவதும் நேர மண்டலம் யூடிசி என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அப்புறம் பிஒய்சி கோப்புகள். பைத்தான் ஒரு நிரலை முதல்முறை ஓட்டும்போது கம்பைல் செய்து வைத்துக்கொள்ளும் வடிவம் இது. அதன் தலைப்பகுதியில் மூலக்கோப்பு எப்போது மாற்றப்பட்டது என்ற நேரம் இருக்கும். கிட்டிலிருந்து புதிதாக எடுத்தால் அந்த நேரம் எடுத்த கணம்தான், ஆளுக்கொன்று. பைத்தான் 3.7 முதல் நேரத்துக்குப் பதிலாக மூலக்கோப்பின் ஹாஷை அங்கே எழுதும் வசதி உண்டு. சோர்ஸ் டேட் எபோக் இருந்தால் அது தானாகவே அந்த வழிக்கு மாறிக்கொள்கிறது.

இரண்டாவது, வரிசை. ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை அகரவரிசையில் சொல்லும். லினக்ஸின் எக்ஸ்ட்4 தன் உள்கணக்குப்படி ஏதோ ஒரு வரிசையில் சொல்லும். வந்த வரிசையிலேயே பொதியில் அடுக்கினால் உள்ளடக்கம் ஒன்று, கோப்பு வேறு. எங்கே பட்டியல் எடுத்தாலும் உடனே வரிசைப்படுத்துங்கள், அதையும் மொழி அமைப்பைச் சாராமல் வெறும் பைட் வரிசையில் செய்யுங்கள்.

பாதை என்பது நீங்கள் கட்டும் கோப்புறையின் பெயர். பிழைதிருத்தத் தகவல்களிலும், பைத்தான் தன் கட்டமைப்பு விவரங்களைச் சேமிக்கும் சிஸ்கான்ஃபிக் கோப்பிலும் அது அப்படியே போய் உட்காரும். என் பயனர் பெயர் உள்ளே இருந்த ஒரு பொதியை நாங்கள் வெளியிட்டிருக்கிறோம். கம்பைலரில் பாதையை மாற்றி எழுதும் தெரிவு உண்டு. சிஸ்கான்ஃபிக் கோப்பை நாங்கள் கடைசியில் தனியாகத் திருத்துகிறோம்.

கடைசியாக, தற்செயல். பைத்தான் 3.3 முதல் எழுத்துச்சரங்களின் ஹாஷ் (பைத்தான் உள்ளே தேடலுக்குப் பயன்படுத்தும் எண், கோப்பின் ஹாஷ் அல்ல) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். தாக்குதலைத் தடுக்கவே அப்படி, நல்லதுதான். ஆனால் உங்கள் பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு செட்டை (வரிசை இல்லாத தொகுப்பை) சுற்றிவந்து எதையாவது எழுதினால் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். பில்ட் நேரத்தில் மட்டும் 'பைத்தான் ஹாஷ் சீட்' என்ற சூழல் மாறியை 0 என்று வையுங்கள். பயனரின் கணினியில் ஒருபோதும் அப்படி வைக்காதீர்கள்.

தமிழ்க் கோப்புப் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகளில் நான் பார்த்ததில்லை.

'சொல்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் மொத்தம் நான்கு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 12 பைட். அதையே ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்தால் ஐந்து குறியீடுகள், 15 பைட். திரையில் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. பழைய வெளிவட்டிலிருந்து நகலெடுத்த பினாங்கு நண்பரின் பொதி மட்டும் ஒத்துவராமல் போனதற்கு இதுதான் காரணம்.

பைட் எண்ணிக்கையோடு வரிசையும் மாறும். சேர்த்து எழுதினால் 'சைகை' முதலில், 'சொல்' பிறகு. பிரித்து எழுதினால் 'சொல்' முந்திக்கொள்ளும், ஏனென்றால் அது ஒற்றைக் கொம்பில் தொடங்குகிறது. ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்பே எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

இந்த ஒரு பதிலை எழுதும்போது எனக்கு 1997 நினைவுக்கு வருகிறது. நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு இதே சிங்கப்பூரில் நடந்தது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம், எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்த காலம். எங்கே திறந்தாலும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும் என்று அவர்கள் பட்ட பாட்டின் தொடர்ச்சியாகத்தான் இந்த வேலையை நான் பார்க்கிறேன்.

விண்டோஸில் என்ன சிக்கல்?

இயங்குகோப்பின் தலைப்பிலேயே நேர முத்திரைக்கு ஓர் இடம் உண்டு. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் மைக்ரோசாஃப்ட் லிங்கருக்கு 'பிரெப்ரோ' என்ற தெரிவைக் கொடுத்தால் அங்கே நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட மதிப்பு போகும். பைத்தானின் தொடக்க வரித் தேதிக்கு, அதன் மூலநிரலில் உள்ள கெட்பில்ட்இன்ஃபோ கோப்பு முதலில் நாம் கொடுத்த தேதி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இருந்தால் கம்பைலரின் கடிகாரத்தைத் தொடாது. அந்த வழியைப் பயன்படுத்துகிறோம்.

வரிமுடிவையும் மறக்க வேண்டாம். விண்டோஸில் கிட் தானாக வரிமுடிவை மாற்றிவிட்டால் பைத்தான் கோப்பு ஒவ்வொன்றும் மாறிவிடும். ரெபோவில் (மூலநிரல் சேமிப்பில்) ஒரு கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பை வைத்து எல்லாம் எல்எஃப் (லினக்ஸ் வரிமுடிவு) என்று எழுதிவிடுங்கள்.

மேக்கில்?

கையொப்பம்தான் பெரிய தொல்லை. ஆப்பிள் சிலிக்கான் கணினியில் கையொப்பம் இல்லாத நிரல் ஓடாது. டெவலப்பர் சான்றிதழில் போடும் கையொப்பத்தில் நேரமும் சேர்கிறது, ஒவ்வொரு முறையும் புதிது. அதை யாராலும் மீளுருவாக்க முடியாது, முடியவும் கூடாது, சாவி எங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும் அல்லவா. எனவே கையொப்பமிடுவதற்கு முந்தைய பொதியின் ஹாஷைத் தனியாக வெளியிடுகிறோம். நீங்கள் பதிவிறக்கிய பொதியிலிருந்து கையொப்பத்தை நீக்கி ஒப்பிட ஒரு சிறு ஸ்கிரிப்டும் தருகிறோம். விண்டோஸ் கையொப்பத்துக்கும் இதே வழிதான்.

எந்த எஸ்டிகேவில் (ஆப்பிள் தரும் நிரலாக்கத் தொகுப்பில்) கட்டினோம் என்ற எண்ணும் மேக் பைனரியில் பதியும். ஆகவே அதைத் தரும் எக்ஸ்கோட் கருவியின் பதிப்பு துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும்.

லினக்ஸ் எளிதுதானே?

கட்டுவது எளிது. எல்லா இடத்திலும் ஓட வைப்பதுதான் கடினம். புதிய லினக்ஸில் கட்டினால் அதன் ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) பழைய கணினியில் இல்லை என்று நிரல் திறக்கவே மறுக்கும். அதனால் வேண்டுமென்றே பழைய சூழலில் கட்ட வேண்டும். மெனிலினக்ஸ்2014 என்ற சூழல் ஜிலிப்சி 2.17ஐ அடிப்படையாகக் கொண்டது, ஆனால் அதன் அடித்தளமான சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூனில் ஆதரவு முடிந்துவிட்டது. நாங்கள் 2.28க்கு நகர்ந்துவிட்டோம்.

டாக்கர் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆகாது. நிரலுக்கான சூழலைப் பெட்டியாக அடைத்துத் தரும் கருவி டாக்கர். அது சூழலைப் பூட்டும், நேரத்தையும் தற்செயலையும் பூட்டாது. 'லேட்டஸ்ட்' என்று எழுதினால் சூழலைக்கூடப் பூட்டாது. டைஜஸ்ட் எண்ணை (அந்தச் சூழலின் ஹாஷை) கொடுத்து எடுங்கள்.

மூலநிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் தானாகத் தரும் சுருக்கக்கோப்பை அடிப்படையாக வைக்கலாமா?

வேண்டாம். 2023 ஜனவரி இறுதியில் சுருக்கும் முறை மாறியதால் அந்தக் கோப்புகளின் ஹாஷ்கள் ஒரே நாளில் மாறி, உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன. பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். உள்ளே இருந்த நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கமிட் எண்ணைப் பூட்டுங்கள்.

ஹாஷ் ஒத்துவந்தால் நிரல் பாதுகாப்பானது என்று அர்த்தமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சில பெற்றோரிடம் நாங்களே தவறான எண்ணத்தை ஏற்படுத்திவிட்டோம்.

2020 டிசம்பரில் வெளிவந்த, சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில், கட்டும் கணினிக்குள் புகுந்தவர்கள் பில்ட் நேரத்தில் தீங்குநிரலைச் சேர்த்தார்கள். மூலநிரல் சேமிப்பில் அது இல்லை. அப்படிப்பட்ட தாக்குதலை ஹாஷ் ஒப்பீடு காட்டிக்கொடுக்கும், வெளியே இன்னொருவர் கட்டினால் ஹாஷ் ஒத்துவராது.

2024 மார்ச் 29 அன்று வெளியே தெரிந்த, எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் பின்கதவு (ரகசிய நுழைவழி) வேறு வகை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் பிடிபட்டது. அதைத் தூண்டிவிடும் வரிகள் 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார் கோப்பில் (மூலநிரலைத் தொகுத்து வெளியிடும் கோப்பில்) இருந்தன, கிட் சேமிப்பில் இல்லை. அந்த டாரிலிருந்து ஆயிரம் பேர் கட்டினாலும் ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ், ஒரே பின்கதவு. பைத்தானோடு எக்ஸ்இசட் நூலகமும் எங்கள் பொதியில் வருகிறது என்பதால் அந்த வாரம் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. எங்களிடம் இருந்தது பழைய பதிப்பு. அதற்குப் பிறகு, எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் டாரை விட்டுவிட்டுக் கிட் கமிட்டிலிருந்தே கட்டுகிறோம்.

இவை இரண்டையும் தாண்டி, கம்பைலரே பொய் சொன்னால்? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984இல் அச்சில் வெளியான டூரிங் விருது உரையில் கேட்ட கேள்வி அது. எங்கள் சிறு குழுவால் அவ்வளவு தூரம் போக முடியாது. லினக்ஸ் பொதிக்கான கம்பைலரை டெபியனிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம், அந்த நம்பிக்கையை வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறோம்.

பைத்தான் மெதுவாக ஓடுகிறதே?

உண்மை. வழக்கமாகப் பைத்தானை ஒருமுறை கட்டி, ஓட்டிப்பார்த்து, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று அளந்து, அதை வைத்து மறுபடி கட்டுவார்கள். அந்த அளவீடு ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறும், பைனரியும் மாறும். அதை அணைத்துவிட்டோம். ஒரு பக்கக் கட்டுரையைத் திருத்தும்போது பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கனமான கணக்கு வேலைக்கு என்றால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

நான் கட்டினேன், ஹாஷ் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

'டிஃப்ஓஸ்கோப்' என்ற கருவியில் இரண்டு பொதியையும் கொடுங்கள். ஜிப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் பைனரியைத் திறந்து, எந்தப் பகுதியில் எது மாறுகிறது என்று படிக்கும்படி காட்டும். அதன் வெளியீட்டை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு சிறு குறிப்பு: மாறுவது நான்கே பைட் என்றால் பெரும்பாலும் நேரம். கோப்பு முழுக்க இடம் மாறிக் கிடந்தால் வரிசை.

நிரல் எழுதத் தெரியாது. நானும் உதவ முடியுமா?

முடியும். மூன்று பேர் கட்டி ஹாஷ் ஒத்துவந்தபின்தான் பொதியை வெளியிடுகிறோம். அந்த மூவரில் ஒருவர் எங்கள் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. கட்டுவதற்கு ஒரே கட்டளைதான், சுமாரான மடிக்கணினியில் நாற்பது நிமிடம் ஆகும். கடைசியில் வரும் ஹாஷை எங்கள் பட்டியலில் உங்கள் பெயரோடு பதிய வேண்டும். அந்தத் தாயார்தான் இப்போது விண்டோஸ் பொதிக்கு வெளி ஆள். மேக்குக்கு இன்னும் ஆள் தேவை, முக்கியமாகச் சிங்கப்பூர் நேரத்தில் இல்லாதவர் ஒருவர்.